கத்தரிப்பூ நிறம்

“முதல்ல இந்த நகப்பூச்சை அழிங்க. பத்து விரல்லயும் ஒரு பொட்டுகூட மிச்சம் இருக்கக்கூடாது” என்றார் டாக்டர் அலர்மேல்மங்கை.

மேசைமேல் செல்லத்தாய் கண் செருகிக் கிடந்தாள். தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி எடுத்தும் குழந்தை இறங்கவில்லை. பேரையூரிலிருந்து மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாக அவளை மதுரை சிம்மக்கல்லில் இருந்த அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது காலை பத்து மணி. உடம்பெல்லாம் துவண்டிருக்க, அவள் நகங்கள் மட்டும் செக்கச்செவேலென்று மின்னின.

“நாந்தேன் பூசிவிட்டேன் தாயி” என்றாள் மாயக்காள். முப்பத்தைந்து வயதிருக்கும். செல்லத்தாயைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தவள் அவள்தான். “வளைகாப்புக்கு மருதாணி வைக்கணும்னு ஆசைப்பட்டுச்சு. எங்க ஊர்ல மழையில்லாம செடியெல்லாம் கருகிப்போச்சு. அதேன் மதுரைக்கு வந்தப்ப ஒரு சீசா வாங்கியாந்தேன். அழிய அழியப் பூசச் சொல்லும். பூசிவிடுவேன்.”

வாசலிலிருந்து செல்லத்தாயின் தாய் பாண்டியம்மாள் அலறினாள். “அது விசம் தாயி! அந்த விசந்தேன் நகம் வழியா உள்ள எறங்கி எம்புள்ளைய இம்புட்டுப் பாடு படுத்துது! வேணும்னே பூசியிருக்கா!”

மாயக்காளின் முகம் வெளுத்தது. “நெசமாங்களா தாயி? அதாலதேன் பிள்ளை எறங்கலையா?”

“இல்லம்மா. நகத்துல பூசினதுக்கும் குழந்தை இறங்காததுக்கும் சம்பந்தமில்லை. குழந்தை குறுக்கே கிடக்கு. வயித்தை அறுத்துத்தான் எடுக்கணும். அதுக்கு மயக்க மருந்து கொடுக்கணும். அந்த நேரத்துல பூச்சு நகத்தை மறைச்சா, அதுதான் ஆபத்து.”

மூக்கைத் துளைக்கும் ஏதோ திரவத்தில் பஞ்சை நனைத்து நர்ஸ் துடைக்கத் துடைக்க, சிவப்பு கரைந்து வெறும் நகம் தெரிந்தது. டாக்டர் ஒரு விரலின் நகத்தை அழுத்தினார். அது வெளுத்தது. விட்டதும் இளஞ்சிவப்பு திரும்பி வந்தது.

“பார்த்தியா? இது ரத்தம் ஓடுற நிறம். குளோரோபாம் ஒரு சொட்டு கூடினாலும் மூச்சு குறைஞ்சிடும். நெஞ்சு நிக்கிறதுக்கு முந்தி இந்த நகம் நீலம் பாரிச்சு நமக்குச் சொல்லிடும்.”

மாயக்காள் அந்த விரலையே பார்த்தாள். ஒரு புளியங்கொட்டை அளவுகூட இல்லை. அதற்குள் ஓர் உயிரின் போக்குவரத்தே தெரிகிறது என்பதை அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்றைக்கு ஒரு நர்ஸுக்குக் காய்ச்சல். மிச்சமிருந்த இருவரில் ஒருத்தி முகமூடியில் மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், இன்னொருத்தி கருவி எடுத்துக் கொடுக்கவேண்டும். நகத்தைப் பார்க்க ஆள் இல்லை.

டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். செல்லத்தாயின் கணவன் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பாண்டியம்மாள் முந்திக்கொண்டு உள்ளே வந்தாள். தட்டில் இருந்த கத்திகளைக் கண்டதும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான் பாக்குறேன் தாயி” என்றாள் மாயக்காள்.

“ஐயோ, அவ கையில மட்டும் எம்புள்ளைய ஒப்படைக்காதீங்க!”

டாக்டர் மாயக்காளின் கைகளைப் பார்த்தார். அவை நடுங்கவில்லை. பாண்டியம்மாளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மாயக்காள் செல்லத்தாயின் கையைத் தன் இரு கைகளில் ஏந்திக்கொண்டாள். கத்தி என்ன செய்கிறது, ரத்தம் எங்கே வழிகிறது, எதையும் அவள் பார்க்கவில்லை. நகத்தின் அடியில் பிறைபோல் ஒரு வெள்ளைக் கீற்று, அதன்மேல் ரோஜாவின் வெளிறிய நிறம். எத்தனையோ தடவை பூச்சுப் பூசிய விரல்கள். ஒரு தடவைகூட உள்ளே இருந்த இந்த நிறத்தைக் கவனித்ததில்லையே என்று நினைத்தாள். கண்ணில் வியர்வை விழுந்து எரிந்தது. அவள் இமைக்கவில்லை.

திடீரென்று ரோஜா மங்கியது.

“தாயி! கத்தரிப்பூ நிறமாகுது!”

“மருந்தை எடு! தாடையைத் தூக்கு!” டாக்டரின் குரல் அதிர்ந்தது. நர்ஸ் முகமூடியை விலக்கித் தாடையை உயர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று... செல்லத்தாயின் நெஞ்சு ஒரு தரம் விம்மியது. பிறகு இன்னொரு தரம்.

நகத்தின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பு, விடியற்காலை வானம்போல மெள்ள மெள்ளப் பரவி வந்தது.

“வந்துருச்சு தாயி... செவப்பு வந்துருச்சு” என்று மாயக்காள் கிசுகிசுத்தாள். சற்று நேரத்தில் குழந்தையின் வீறிடல் அறையை நிறைத்தது.

தையல் முடிந்து, செல்லத்தாய் சீராக மூச்சுவிடத் தொடங்கிய பின்பே டாக்டர் கை கழுவினார். மாயக்காள் இன்னும் அந்த விரலை விடவில்லை.

“போதும், விடம்மா. உன் தங்கச்சி பிழைச்சுட்டா. பெண் குழந்தை. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அக்காவை நான் பார்த்ததில்லை.” டாக்டர் பிறப்புப் பதிவேட்டைத் திறந்தார். “குழந்தையோட அப்பா பேரு என்ன? சொல்லு, எழுதிக்கிறேன்.”

மாயக்காள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“அந்தப் பேர என் வாயால எப்படித் தாயி சொல்றது? வெளிய யாரையாச்சும் கேட்டுக்கங்க.”

“புருஷன் பேரைச் சொல்லமாட்டேன்னு செல்லத்தாய் சொன்னா சரி. உனக்கென்னம்மா?”

“எனக்கும் அவுகதேன் தாலி கட்டுனாக தாயி. பதினஞ்சு வருசமா எனக்குப் பிள்ளை இல்லைன்னுதேன், போன வருசம் செல்லத்தாயைக் கட்டுனாக.”