எட்டு எண்ணும்வரை

சிரிப்பு வரும், சத்தியமாக வரும். ஆனால் கொஞ்சம் பொறுங்கோ. றேமண்ட் அங்கிளும் அன்றைக்கு எங்களைப் பொறுக்க வைத்தவர்தானே.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கொட்டாஞ்சேனையில் எங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புப் படம். ஸ்ரூடியோக்கார றேமண்ட் அங்கிள் அந்த மூன்று கால் மரப்பெட்டிக் கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாரென்றால், வெளியே எடுக்கக் கால் மணித்தியாலம்.

“அங்கிள், என்ட கமராவால எடுத்தா இந்நேரம் முப்பத்தாறு படம் முடிஞ்சிருக்கும்,” என்றான் தாஸிம். அவனுடைய நானா, அதாவது அண்ணன், சவூதியிலிருந்து அனுப்பிய சின்னக் கமரா கழுத்தில் தொங்கியது.

துணிக்குள்ளிருந்து மூக்கால் ஒரு குரல். “உன்ட முப்பத்தாறையும் பெருப்பிச்சா ஒருத்தன்ட மூஞ்சியும் தெரியாது, மகன்.”

“மூஞ்சியைக் கழுவிப்போட்டு வா, அப்பவும் தெரியாது, மகன்.”

இது துணிக்குள்ளிருந்து வந்ததில்லை; அதே மூக்குக் குரலில் நான். என் வாயில் எங்கள் அதிபர் ஃபாதரின் இருமலும் வரும், முன்னுக்குப் போகச் சொல்லிக் கத்துகிற பஸ் கொண்டக்டரின் சிங்களமும் வரும். வகுப்பே குலுங்கியது.

அங்கிள் வெளியே வந்தார். “றொபேட், இது கொப்பி அளவு ஃபிலிம். ஒண்டே ஒண்டுதான் கிடைச்சது. மழை இருட்டு வேற. நான் எட்டு எண்ணும்வரைக்கும் படம் பதிஞ்சுகொண்டே இருக்கும், ஒருத்தரும் அசையக்கூடாது.”

பின்வரிசையின் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தோம். எங்களோடு படித்த வரதராசாவின் இடம். வெள்ளவத்தைச் செக்பொயின்ற்றில் ஆமி பிடித்துக்கொண்டு போய் நாலு மாதம். எங்கே என்று தெரியாது. அவன் வந்ததும் தனியாகப் படமெடுத்து அந்த இடத்தில் ஒட்டித் தருவதாக அங்கிள் அவனுடைய அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்.

எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வரிசையின் தொங்கலில், கடைசி ஆளாக, நின்ற எனக்கு அப்போது அது வெறும் இடைவெளி. எட்டு எண்ணுவதற்குள் ஒருத்தன் இரண்டு இடத்தில் நிற்கலாமே!

அங்கிள் லென்ஸ் மூடியைக் கழற்றினார். கண் கைக்கடிகாரத்தில். “ஒண்டு... ரெண்டு...”

நாலில் குனிந்தேன். வரிசைக்குப் பின்னால் ஓடினேன். ஐந்தில் நடுவில் எழும்பிப் பல்லைக் காட்டினேன்.

“எட்டு!”

ஒரு வாரம் கழித்து ஃபாதர் கூப்பிட்டார். மேசையில் படம். தொங்கலில் நான் பாதி ஆவி. வயிற்றுக்குள்ளால் சுவர் தெரிந்தது. நடுவில் இன்னொரு பாதி ஆவி, முகம் கலங்கி, கழுத்தில் ரை கோணி. பகடி பலித்துவிட்டது. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் கதவோரம் அருள்நாயகி அன்ரியைக் கண்டேன். வரதராசாவின் அம்மா. தன்னுடைய பிரதியை வாங்க வந்தவ.

“உனக்கு லீவிங் சேட்டிபிக்கற் கிடையாது!” ஃபாதர் பிரம்பை எடுத்தார். “வேற ஃபிலிம் இல்லை. பொடியன்கள் பாதிப்பேர் நாட்டை விட்டுப் போயிட்டாங்கள். இந்த அம்மாவுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது? சொல்லடா!”



அன்ரி படத்தை எடுத்தா. பின்வரிசையை விரலால் தடவிக்கொண்டு போனா. நடுவில் விரல் நின்றது.

“ஏன் ஃபாதர் பிள்ளையை ஏசுறியள்? தொங்கலில நிண்டு கொஞ்சம் ஆடிப்போட்டார், அவ்வளவுதானே. நடுவில இது என்ர வரதன். வந்து நிக்கிறான்.”

ஃபாதர் என்னைப் பார்த்தார். அவவைப் பார்த்தார். பிரம்பை மெல்ல மேசையில் வைத்தார்.

“ஓம் அம்மா,” என்றார். என்னுடைய சேட்டிபிக்கற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன். ஒரு தாயை இப்படி ஏமாற்றியதில்லை. படத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவ முன்னால் போனா. சேட்டிபிக்கற்றோடு நான் பின்னால் போனேன். உண்மையைச் சொன்னால் அவவிடம் இருக்கிற அந்தப் பாதி வரதனும் போய்விடுவான். சொல்லாவிட்டால்?

பள்ளிக்கூடக் கேற்றடியில் வாயைத் திறந்தேன். “அன்ரி...”

அவ நின்றா. படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கழுத்து ரையைப் பிடித்து நேராக்கினா.

“நடுவில வந்து நிக்கேக்கையாவது இதை ஒழுங்காக் கட்டியிருக்கலாம், தம்பி. படத்திலயும் கோணல்தான்.”