கூட வந்த அம்மா

"வழிகாட்டியெல்லாம் எதுக்கு மாமா? இந்த ஊர்ல எனக்குத் தெரியாத சந்து இருக்கா?" என்று சாங்வூ இரண்டாவது தடவையாகச் சொன்னான். தென்கொரியாவின் தேகு நகரத்து வெயிலில் காலை பத்து மணிக்கே அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் கட்டிக்கொள்ளப்போகும் ஹேரினின் அப்பா கேட்பதாக இல்லை. உல்சானில் பல் டாக்டர் அவர். இரண்டு குடும்பமும் முதல்முதலாகச் சந்திக்கும்போது, உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து விறைத்துக்கொண்டிருப்பதைவிடச் சேர்ந்து நடந்தால் நன்றாகப் பழகலாம் என்று அவர்தான் இந்த நடைச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருந்தார்.

சுரங்கரயில் நிலைய வாசலில் மஞ்சள் கொடியோடு நின்ற வழிகாட்டிக்கு அறுபது வயதிருக்கும். மார்பில் குத்தியிருந்த அட்டையில் ஓக்சுன் என்று பெயர் இருந்தது. எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஹேரினுக்கு அன்று ஒரே கவலை, மாமியார் எப்படிப்பட்டவளோ என்பதுதான். பார்த்த ஐந்து நிமிஷத்தில் அது போய்விட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று சாங்வூ சொல்லியிருந்ததற்கு ஏற்ற மாதிரி வெளிர்நீல உடை, முத்துத்தோடு, அளந்த பேச்சு.

"எனக்குப் பொண்ணு இல்லாத குறை இன்னையோட தீந்துது" என்று அவள் ஹேரினின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹேரினின் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டோங்சோங்னோ கடைவீதியில் அழகுசாதனக் கடைகள் வாசலைத் திறந்து வைத்துக் குளிர்காற்றைத் தெருவில் விட்டுக்கொண்டிருந்தன. நடுநடுவே பூட்டிக்கிடந்த கடைகளைக் காட்டி, எது எப்போது கொடிகட்டிப் பறந்தது என்று ஓக்சுன் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு முனையில் நின்று, அங்கேதான் தான் இருபது வருஷம் தள்ளுவண்டியில் சாக்ஸ் விற்றதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சாக்ஸ் வித்தவங்கல்லாம் சரித்திரம் சொல்ல வந்துட்டாங்க" என்றாள் ஹேரினின் அம்மா, காதில் விழும்படியாகவே. முதலில் சிரித்தது சாங்வூதான். ஓக்சுன் கொடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு மேலே நடந்தாள்.

நடுப்பூங்காவில் மர நிழலில் உட்கார்ந்தார்கள். மாமியார் வழியில் வாங்கிய பீச் பழத்தைத் தோல் சீவி, முதல் துண்டை மகன் வாயருகே நீட்டினாள். சாங்வூ ஒரு கணம் தயங்கினான். எல்லோரும் பார்க்கிறார்களே என்று வாயைத் திறந்தான்.

எட்டத்தில் நின்ற ஓக்சுன் பாய்ந்து வந்து அதைத் தட்டிவிட்டாள். பழம் மண்ணில் விழுந்தது. குளவி உட்கார்ந்திருந்தது என்றாள். வேறு யார் கண்ணிலும் குளவி படவில்லை.

"வழி காட்ட வந்தா வழியை மட்டும் காட்டுங்க" என்று ஹேரினின் அம்மா சீறினாள். ஓக்சுன் தலை குனிந்து மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள். சாங்வூ தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய மணி தொங்கும் பூங்காவில் சுற்றுலா முடிந்தது. அம்மாவை ரயில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று சாங்வூ கிளம்பினான். ஹேரினின் பெற்றோர் காப்பிக் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

ஹேரினுக்கு மனசு கேட்கவில்லை. அந்த வயதில் ஒருத்தியை அத்தனை பேர் நடுவில் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். குளிர்ந்த அரிசிப் பானம் ஒரு டின் வாங்கிக்கொண்டு பூங்காவுக்குத் திரும்பினாள்.

மணிமண்டபத்துக்குப் பின்னால் ஓக்சுன் ஷூவைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை அதற்குள் ரயில் ஏற்றிவிட்டானோ என்னவோ, எதிரே சாங்வூ நின்றிருந்தான். அவனும் தன்னைப் போல மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தபோது ஹேரினுக்குப் பெருமையாக இருந்தது. தூணருகே நின்றாள்.

"இன்னைக்கு லீவுன்னுதானே சொன்னே?" சாங்வூ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"கூட வேலை பாக்கறவளுக்குக் காய்ச்சல்ப்பா. நீங்க வந்து நின்னதும்தான் எனக்கே தெரியும். நான் ஒண்ணும் காட்டிக் குடுக்கலையே. பீச் உனக்கு ஒத்துக்காதேன்னுதான் தட்டிவிட்டேன்."

ஓக்சுன் ஷூவுக்குள் காலை நுழைத்தபடி, நிமிராமலே கேட்டாள். "கல்யாணத்தன்னைக்குக் கடைசி வரிசையிலயாவது உக்காந்துக்கட்டுமா? பெத்த அம்மான்னு யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டேன்."

"வேண்டாம்மா. அன்னைக்கும் அம்மாவா வர இன்னைக்கு வந்தவங்களையே பேசி வச்சாச்சு. சொந்தக்காரங்க பத்துப் பேரையும் சேத்து அவங்களை அனுப்பின கம்பெனியே வாடகைக்கு அனுப்பறாங்க."

ஹேரினுக்குக் கையிலிருந்த டின்னின் குளிர் மட்டும்தான் நிஜமாகத் தெரிந்தது. காலையிலிருந்து தன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவளை நினைத்ததும் அந்தக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு தூணைவிட்டு வெளியே வந்தாள்.

ஓக்சுன் பதறி எழுந்தாள். அவன் மேல் தப்பில்லை, எல்லாம் தன் யோசனைதான் என்று ஏதேதோ சொன்னாள். ஹேரின் அவள் கையில் பானத்தை வைத்து, இடுப்பு வரை வளைந்து வணங்கினாள்.

பிறகு சாங்வூ பக்கம் திரும்பினாள்.

"அப்படியே மாப்பிள்ளை ஒருத்தரையும் அனுப்பச் சொல்லிடுங்க."