எந்நேரமும் மஞ்சளாக இருந்த முகப்பு

ஒரு முறுக்குக் கடையின் இணையதளத்தில் முகப்பு, இனிப்பு, காரம் என்று மூன்று பொத்தான்கள் மேலே வரிசையாக இருந்தன. வந்தவர் எந்தப் பிரிவுக்குள் இருக்கிறாரோ அந்தப் பொத்தான் மஞ்சளாகும். முகப்பு மட்டும் எந்நேரமும் மஞ்சள்தான்.

“எல்லாப் பக்கத்தோட முகவரியும் என் வாசல்லதானே தொடங்குது? அப்போ எல்லாரும் என் ஆளுங்கதான்” என்று பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் காரத்துக்குள் நுழைந்து தட்டை முறுக்குப் பக்கம்வரை போன ஒரு பெண் மேலே பார்த்தார். இரண்டு பொத்தான்கள் மஞ்சளாக இருந்தன. “நான் எங்கேதான் இருக்கேன்?” என்று சலித்துக்கொண்டு தளத்தையே மூடிவிட்டார்.

“வந்தவங்களைத் துரத்திட்டியே!” என்று காரம் பொரிந்து தள்ளியது.

தளத்தைக் கட்டிய செண்பகவல்லி மறுநாளே அதன் நிரலில் ஒரு வரியைத் திருத்தினார். இனி தன் சொந்தப் பக்கத்துக்கு ஆள் வந்தால்தான் முகப்பு மஞ்சளாகும்.

காலையெல்லாம் தன் பக்கத்துக்கு யாரும் வராததால் அது வெளிறிக் கிடந்தது. மதியம் அதே பெண் நேரே காரத்துக்குள் வந்தார். காரம் மட்டும் மஞ்சளாக இருக்க, குழம்பாமல் தட்டை வாங்கிவிட்டு முகப்புக்குத் திரும்பினார். பளிச்சென்று அது மஞ்சளானது.

“ஏய், என்கிட்ட யாரோ வந்திருக்காங்க!”

“தினமும்தான் வர்றாங்க” என்றது காரம்.

“அப்படியா? எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது.”