அசையாத சிறுமி

என் தங்கை லோர்னா சேர்த்த பழைய காதலர் தின அட்டைகளில் ஒன்று அசையும். அதிலுள்ள சிறுவனின் தலையைச் சின்ன உலோக ஆணி பிடித்திருக்கும். அடியில் நாக்குப்போல் நீட்டியிருக்கும் தாளை இழுத்தால் பக்கத்திலுள்ள சிறுமியின் பக்கம் திரும்புவான். சுருள்வில் கிடையாது என்பதால் விட்ட இடத்திலேயே நிற்பான். சிறுமி அட்டையிலேயே அச்சடித்த வெறும் படம், அசையமாட்டாள். குனிந்து மடியிலுள்ள பூவைப் பார்ப்பாள்.

கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் கணவர் எல்வுட் கொடுத்த அட்டை அது. லோர்னா தினமும் சிறுவனைச் சிறுமியிடம் திருப்பிவிட்டுப் படுப்பாள். விடிந்தால் அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"இந்தக் குளோஸ்டர் கடற்கரை ஈரக்காத்துல தாள் முறுக்கிக்கும்டி," என்றேன். "வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடு."

"அவர் வந்தா பூட்டையா பாக்கணும்?"

இன்று ஒருவழியாகச் சம்மதித்தாள். பெட்டியில் வைக்க அட்டையை எடுக்கப் போனோம். சிறுவனோடு சிறுமியும் தலைநிமிர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோர்னா பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூன்று காப்பிக் கோப்பைகளை எடுத்து வைத்தாள்.