பதினேழாம் நம்பருக்குப் பொட்டு

மில்லில் கதவடைப்பு அறிவித்த அறுபத்திரண்டாம் நாள் ஆயுதபூஜை வந்தது. மயிலாத்தாள் தலைக்குக் குளித்து, வேலைக்குப் போகும் சேலையையே கட்டிக்கொண்டு, பூட்டிய கேட்டின் கம்பி வழியாகச் சந்தனமும் குங்குமமும் பொதிந்த இலையை நீட்டினாள். பதினாறு வருஷமாக அவள் நின்று நூல் ஓட்டிய பதினேழாம் நம்பர் மிஷினுக்கு அவளைத் தவிர யாரும் பொட்டு வைத்ததில்லை.

"மூணு பொட்டுங்கண்ணா. என்ற நெஞ்சு மட்டத்துக்கு உசரமா வெய்யுங்க. நான் எப்பவும் அங்கதான் வெப்பேன்."

வாட்ச்மேன் சென்னியப்பன் இலையை வாங்கவே தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. அவள் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினாள். ஓடாத மிஷின்களின் இரைச்சல் காதுக்குள் எழுந்தது.

"வெச்சாச்சு அம்மணி" என்றார், அவள் முகத்தைப் பாராமல்.

"நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குது, இருக்குது."

அவர் விரலில் குங்குமம் இருந்தது. காக்கிக் கால்சட்டையின் இரண்டு முழங்காலிலும் தரைப்புழுதி வட்டமாக அப்பியிருந்தது. மயிலாத்தாள் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுயர மிஷினுக்குப் பொட்டு வைக்க யாரும் மண்டி போடவேண்டியதில்லை; மிஷின் போன வெறுந்தரைக்குத்தான் போடவேண்டும்.

கேட் திறக்கும் நாளுக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து எடுத்து, கம்பிக்குள் நீட்டினாள்.

"இதையும் அங்கயே வெச்சிருங்கண்ணா. அந்த எடத்த மட்டும் யாரும் மிதிக்காமப் பாத்துக்குங்க."