ஆறிக் கிடந்த உலை

மைய வங்கி எவ்வளவு கார்பனைக் காற்றில் விடுகிறது என்று அளந்து அறிக்கை எழுத வந்திருந்தாள் ஜெசிந்தா. கிழிந்த நோட்டுகளை எரிக்கும் உலை, தினமும் புகைவது, அன்று மட்டும் ஆறிக் கிடந்தது.

"இன்னைக்கு எரிக்கல மேடம். பூஜ்யம்னு போட்டுட்டுக் கெளம்புங்க," என்றார் மேலாளர்.

"எரிக்கிறப்ப அளந்துக்கிறேன் சார். எனக்கொண்ணும் அவசரமில்ல."

உலை வாசலிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அவள் இருக்கும்வரை எரிக்க ஒருவருக்கும் துணிவில்லை. நோட்டு மூட்டைகளோ வந்துகொண்டே இருந்தன. அறை நிரம்பி, தாழ்வாரம் நிரம்பி, கடைசியில் வங்கி ஆளுநரின் அறைக் கதவையே அடைத்துக்கொண்டன.

ஆளுநர் மூட்டைகள்மேல் ஏறி இறங்கி, தீப்பெட்டியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, நீ வீட்டுக்கே போகமாட்டியா?"

ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த புகை அளக்கும் கருவியை முடுக்கினாள்.

"பத்த வைங்க சார்."