வெளியால வந்தவன்

சோலோதுர்ன் ஊருக்கு வெளியே உள்ள மண் ஓடுதளத்தில் ஞாயிறு பிற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. காட்சிப் போட்டிக்காக இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் ஸ்பீட்வே என்ற மண்தளப் பந்தய அணியின் நான்கு மோட்டார் சைக்கிள்கள் தொடக்கக் கயிற்றின் முன்னால் உறுமிக்கொண்டு நிற்கின்றன. தினேசன் வேலிக்குப் பத்தடி பின்னால், கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டபடி நிற்கிறான். இங்கிலாந்தில் இருந்த காலத்தில் ஒரு வியாழக்கிழமையும் தவறாமல் இந்தப் பந்தயத்துக்குப் போனவன். தனக்குப் பிடித்த வீரன் விழுந்து எழும்பாமல் கிடந்ததைக் கண்ட பிறகு, பதினாலு வருடமாக எந்தப் பந்தயத்தையும் பார்க்கவில்லை. இன்று மனைவி மயூரிதான் வற்புறுத்திக் கூட்டிவந்திருக்கிறாள். "இதுக்குப் பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்கிறாள். "பிரேக்கே இல்லை," என்கிறான். கயிறு மேலே துள்ளுகிறது. எஞ்சின்களுக்குள் எரிந்த ஆமணக்கெண்ணெய் வாசம் மூக்கில் ஏறுகிறது. மொத்தம் நாலே சுற்று, ஒரு நிமிடம். வளைவில் வண்டிகள் பக்கவாட்டில் சறுக்க, வீரர்களின் இடதுகால் சப்பாத்தில் மாட்டிய இரும்புத் தகடு மண்ணை உழுகிறது. கடைசியாகப் போகும் மஞ்சள் தலைக்கவசக்காரன் மூன்றாம் சுற்றில் உள்வழியை விட்டு வேலியோரமாக ஏறுகிறான். அங்கே இளகிய மண் குவிந்து கிடக்கிறது. பிடி கிடைத்தால் பறக்கலாம், தவறினால் வேலிதான். தினேசன் பைக்குள்ளிருந்து கைகளை எடுக்கிறான். முன்சக்கரம் உதறுகிறது, பிறகு நேராகிறது. மஞ்சள்காரன் ஒருவனைக் கடக்கிறான், பிறகு இன்னொருவனை, கடைசி வளைவில் மற்றவனையும். "பாத்தியோ, வெளியால வந்து மூண்டு பேரையும் எடுத்திட்டான்," என்கிறான் தினேசன். அவன் எப்போது வேலியடிக்குப் போனான் என்று மயூரிக்குத் தெரியவில்லை. அவன் முகமெல்லாம் சிவப்பு மண். "கண்ணுக்குள்ள போகப்போகுது, தள்ளி நில்லுங்கோ," என்கிறாள். "நீயும் இஞ்ச வா," என்று அவன் பக்கத்தில் இடம் விடுகிறான்.